நெம்பிப் போட்ட பெல்ட்

பேனாட்டைக் கெட்டிக்காரன் என்று அந்த விடுதியில் எல்லோரும் சொன்னார்கள். உருத்திரமூர்த்தி மட்டும் சொல்லவில்லை. கணித ஆசிரியராக இருபத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவர் அவர். சரியான விடையைக் கண்டவுடன் சிவப்புப் பேனையைத் திறக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. விடை எந்த வழியால் வந்தது என்று பார்க்க வேண்டும். வழி தெரியாமல் வந்த சரியான விடை அவருக்குத் தவறான விடையைவிடச் சந்தேகமானது.

மேற்கு ஜெர்மனியில் எசனுக்குத் தெற்கே, மலைகளுக்கு நடுவே இருந்த சிறிய ஊர் அது. மூடிப்போன ஒரு தங்குவிடுதியில் அகதிகள் முப்பது பேரை வைத்திருந்தார்கள். ஹைம் என்று அதற்குப் பெயர். பேனாட் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நாலாம் ஆண்டு கார்த்திகையில் அங்கே வந்தான். வந்த கிழமையே ஒழுகிய தண்ணீர்க் குழாய்கள் இரண்டையும் திருத்தினான். அடுத்த கிழமை, நகரசபை கைவிட்டிருந்த உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தை ஓட வைத்தான். அதன் பிறகு திருத்த ஒன்றும் இல்லாமல், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினான். ஹைம் பொறுப்பாளர் அன்று கோபித்தார். பேனாட் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மணி என்னவோ சரியாகத்தான் காட்டியது.

அவன் குருநகர்க் கடற்கரைக்காரன். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போனார்கள். இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அலை வயிற்றைப் புரட்டும். கடலுக்கு உதவாத பிள்ளை கரையில் நின்று எஞ்சின் பார்த்தது. மூன்றரைத் தொன் மீன்பிடிப் போட்டுகளின் டீசல் எஞ்சினும், கொழும்புக்கு ஐஸ் போட்டு மீன் ஏற்றிப் போகும் லொறிகளும் இவன் கைக்கு வந்தன. மீன் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் லொறியின் அடிப்பாகம் முழுவதையும் தின்னும். ஒரு நட்டைச் சும்மா திருகிக் கழற்றலாம் என்பது அந்த லொறிகளில் நடவாத காரியம். எண்பத்து நாலில் கடலுக்குத் தடை வந்தது. போட்டுகள் மணலில் ஏறின. திருத்துவதற்கும் ஒன்றும் இல்லாமல் போனது. மனைவி நேசமலரைத் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு, கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் வந்து, அரசாங்கம் அனுப்பிய இந்த மலையூருக்கு வந்து சேர்ந்தான்.

யாழ்ப்பாணத்தில் என்றால் உருத்திரமூர்த்தியும் அவனும் ஒரே மேசையில் இருந்து சோறு சாப்பிட்டிருக்கமாட்டார்கள். இங்கே ஒரே அறையில் மேல் கட்டில் பேனாட்டுக்கு, கீழ்க் கட்டில் அவன் மாஸ்டர் என்று கூப்பிடும் உருத்திரமூர்த்திக்கு. இது இருவருக்கும் தெரியும். அதனாலேயே இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

அப்போதைய சட்டப்படி, அவனைப்போல அந்த நேரம் வந்தவர்கள் இரண்டு வருடத்துக்குச் சம்பள வேலை செய்யக்கூடாது. நகரசபை கொடுக்கிற பொதுவேலைக்குப் போகலாம். மணிக்கு இரண்டு மார்க் கிடைக்கும். இருவரும் நகரசபையின் வாகன முற்றத்துக்குப் போனார்கள். பௌஹோஃப் என்பார்கள். இலையுதிர் காலத்தில் இலை கூட்டுவது, பனிக்காலத்தில் தெருவுக்குப் போடும் உப்பை லொறியில் அள்ளிப் போடுவது. பேனாட்டுக்கு இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இனி ஒரு முதலாளி ‘எனக்கு இந்த ஆள்தான் வேண்டும்’ என்று கடிதம் எழுதிக் கொடுத்தால் வேலை அலுவலகம் அனுமதிப் பத்திரம் தரக்கூடும். அந்தக் கடிதம் ஒன்றுதான் அவனுக்குத் தேவையாக இருந்தது. முற்றத்துப் பட்டறையின் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் நடை தானாகவே மெதுவாகும். உள்ளே ஸ்பனர்கள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கும். கோவில் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பவனைப்போல அவன் பார்ப்பதை மாஸ்டர் கண்டிருக்கிறார். ஒன்றும் சொன்னதில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம் குளிர் பொல்லாததாக வந்தது. பொங்கலை ஒட்டி ஒரு வியாழக்கிழமை காலை சுழியத்துக்குக் கீழே பதினெட்டு. முற்றத்தில் இரண்டு உப்பு லொறிகள். ஒன்று விடியுமுன்னே போய்விட்டது. மற்றதைச் சாரதி டீட்டர் முடுக்கியதும், உள்ளேயிருந்து சவுக்கடி மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் ஓடியது. ஆனால் முன்பக்கத்திலிருந்து கறுப்பு ரப்பர் வால் ஒன்று தொங்கியது. பெல்ட் அறுந்துவிட்டது. தண்ணீர்ப் பம்பையும் டைனமோவையும் சுற்றுவது அந்த ஒரு பெல்ட்தான். அது இல்லாமல் மலை ஏறினால் பாதி வழியில் எஞ்சின் கொதித்து நின்றுவிடும். பட்டறைத் திருத்துநர் காய்ச்சலில் வீட்டில் கிடந்தார். அடுத்த ஊர்த் திருத்துநர் பின்னேரம்தான் வரமுடியும் என்றார்கள். மலை ஏறும் மேலூர்த் தெருவுக்கு உப்புப் போடாவிட்டால் பஸ் ஓடாது.

முற்றத்துப் பொறுப்பாளர் ஹாகெமான் தொலைபேசியை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். பேனாட் ஜெர்மன் தெரிந்த மாஸ்டரின் கையைத் தட்டினான்.

“மாஸ்டர், நான் போட்டுத் தாறன் எண்டு சொல்லுங்கோ.”

“நாங்கள் உப்பு அள்ள வந்தனாங்கள். பிழைச்சுதெண்டால் ஆர் பதில் சொல்லுறது?”

“ஒரு பெல்ட் மாஸ்டர். பெல்ட்.”

மாஸ்டர் சொன்னார். ஹாகெமான் பேனாட்டை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பட்டறைக் கதவைத் திறந்துவிட்டார்.

புதிய பெல்ட்டுகள் இரண்டு, சூடேற்றாத களஞ்சியத்தில் ஆணியில் தொங்கின. ஹாகெமான் ஒன்றை எடுத்து வந்தார். ஸ்பனரையும் நீட்டினார். டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டை இளக்கி, டைனமோவை உள்ளே தள்ளி, பெல்ட்டை மாட்டி, திரும்ப வெளியே இழுத்து இறுக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். பேனாட் ஸ்பனரை வாங்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் போல்ட்டை விரலால் தடவினான். உப்பு லொறி அது. எட்டுப் பனிக்காலம் உப்புக் குடித்த போல்ட், காய்ந்த இரத்தம்போலச் சிவந்து, நட்டும் தானும் ஒன்றாகிக் கிடந்தது.

“இதைத் திருகினா முறியும்,” என்றான். “உப்புத் திண்ட இரும்பை எனக்குத் தெரியும். முறிஞ்சா இண்டைக்கில்லை, ஒரு கிழமைக்கு லொறி ஓடாது.”

அவன் பெரிய திருப்புளி ஒன்றைக் கேட்டு வாங்கினான். பெல்ட்டைக் கீழ்க் கப்பியிலும் பம்புக் கப்பியிலும் போட்டான். டைனமோக் கப்பியின் விளிம்பில் கொஞ்சத்தை ஏற்றித் திருப்புளியால் நெம்பிப் பிடித்துக்கொண்டு, எஞ்சினைக் கையால் அங்குலம் அங்குலமாகச் சுற்றும்படி டீட்டருக்குக் காட்டினான். கப்பி உருளப் பெல்ட் விளிம்பின்மேல் ஏறி வந்தது. கடைசி நாலு விரல் அளவு ஏற மறுத்தது. அவன் முழுப் பாரத்தையும் திருப்புளியில் போட்டான். பெல்ட் தன் பள்ளத்தில் பொத்தென்று விழுந்தது. முழுதும் பத்து நிமிடம்.

எஞ்சின் ஓடியது. பெல்ட் கோடு கிழித்ததுபோல ஆடாமல் அசையாமல் சுழன்றது. டீட்டர் விசிலடித்தான். ஹாகெமான் பேனாட்டின் தோளில் ஓங்கித் தட்டி, மாஸ்டரைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னார். பட்டறையில் ஒரு கை தேவை என்று தான் கேட்டு எவ்வளவோ காலமாம். திங்கட்கிழமை தன் கந்தோர் அறைக்கு வரட்டுமாம். வேலை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றாராம். மாஸ்டர் அதைத் தமிழில் சொன்னார்.

பேனாட் சிரிப்பான் என்று அவர் எதிர்பார்த்தார். அவன் வாயைத் திறந்தான், திரும்ப மூடிக்கொண்டான். ஹாகெமான் லொறியின் குறிப்புப் புத்தகத்தை எடுத்துத் திகதி போட்டு ‘பெல்ட் புதியது’ என்று எழுதினார். லொறி மேலூருக்குப் போனது.

பன்னிரண்டு மணிக்குத் தேநீர் அறையில் மாஸ்டர் பாணைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேனாட் தன் பாணைத் தொடவில்லை. அந்தப் புத்தகத்தில் ஹாகெமான் என்ன எழுதினவர் என்று கேட்டான். மாஸ்டர் சொன்னார். அடுத்த முறை எப்போது திறந்து பார்ப்பார்கள் என்று கேட்டான். சித்திரை மாதம் என்றார். பேனாட் கைகளை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். குருநகரில் நெம்பிப் போட்ட பெல்ட் என்றால் எல்லோருக்கும் விளங்கும். அது கரைக்கு வந்து சேரும்வரைக்குமான பெல்ட். போட்டவனும் மறக்கமாட்டான், ஓட்டுகிறவனும் மறக்கமாட்டான். இரண்டு மூன்று நாளில் கழற்றி வேறு போடுவார்கள். எழுதி வைப்பது கிடையாது. எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதுவது? இங்கே புதியது என்று எழுதியாகிவிட்டது. எழுதினதை இந்தச் சனம் நம்பும். சித்திரை வரைக்கும் ஒருவரும் குனிந்து பார்க்கமாட்டார்கள்.

“அதோடை இன்னுமொண்டு,” என்றான். “எங்கடை ஊரிலை ரப்பர் எந்த நாளும் சூடு, பிடிச்ச பிடிக்கு வளையும். இது ஆணியிலை கிடந்து விறைச்ச பெல்ட். அதை நான் யோசிக்கேல்லை. கடைசியா நெம்பேக்கை திருப்புளிக்குள்ளாலை ஒரு ‘டிக்’ வந்தது மாஸ்டர். உள்ளுக்கை இருக்கிற நூல் அறுந்தது. வெளியிலை ஒண்டும் தெரியாது. என்ரை கைக்குத் தெரிஞ்சது.”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று மாஸ்டர் கேட்டார்.

“அவர் தோளிலை தட்டிப்போட்டார். நீங்களும் கடிதம் எண்டு சொல்லிப்போட்டியள். விழுங்கிப்போட்டன்.”

லொறி திரும்பி வந்து முற்றத்தில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு மறுபடியும் மேலூர். தெருவின் கடைசி வளைவு செங்குத்தானது, கண்ணாடிபோல ஐஸ் பிடிக்கும் இடம். பேனாட் எழுந்து, வந்து ஹாகெமானிடம் சொல்லுங்கோ என்றான்.

மாஸ்டர் அசையவில்லை. திங்கட்கிழமை வரட்டும் என்றார். கடிதம் கைக்கு வந்த பிறகு, செவ்வாய்க்கிழமை ஏதாவது சாட்டுச் சொல்லி மாற்றலாம். நாலு நாள் அது தாங்காதா? இரண்டு வருடம் காத்திருந்தவன், நாலு நாளில் எல்லாவற்றையும் போட்டுடைக்கலாமா?

“கெட்டிக்காரன்ரை புளுகு எட்டு நாளைக்கு எண்டுவினம்,” என்றான் பேனாட். “இந்தப் பெல்ட் எட்டு நாளும் நிக்காது மாஸ்டர்.”

மாஸ்டரின் மனதில் அப்போது ஓர் எண்ணம் வந்தது. வந்ததை அவர் பிறகு ஒருநாளும் மறுத்ததில்லை. சரி என்று சொல்லி ஹாகெமானிடம் போகலாம். ஜெர்மன் மொழியில் ‘இவர் நன்றி சொல்கிறார்’ என்று சொல்லலாம். ஹாகெமான் சிரித்துத் தலையாட்டுவார். ‘பரவாயில்லையாம், பிறகு பார்ப்பாராம்’ என்று தமிழில் சொல்லலாம். பேனாட்டுக்குத் தெரியவராது. இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்பவன் ஒருவன்தான். அவன் சொல்வதுதான் இரண்டு பக்கத்துக்கும் உலகம். அதை இவனுடைய நன்மைக்காகவே செய்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லவும் முடியும். அந்த எண்ணம் ஒரு மூச்சு நேரம் நின்றது.

“நான் சொல்லமாட்டன்,” என்றார் மாஸ்டர். “உமக்கு விசர். இதிலை நான் கூட்டில்லை.”

பேனாட் அவரைப் பார்த்தான். கோபப்படவில்லை. சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வெளியே போனான்.

அவனுக்குத் தெரிந்த ஜெர்மன் இருபது சொல் இருக்கும். குளிர், தேநீர், நாளைக்கு, கந்தோர், நன்றி. இந்த விஷயத்துக்கு அதில் ஒரு சொல்லும் உதவாது. மாஸ்டர் யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாட் லொறிக்குப் போய், டீட்டரிடம் கையைக் காட்டி எஞ்சினை நிறுத்துவித்தான். முன்மூடியைத் திறந்தான். சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்தான். காலையில் போட்ட புதுப் பெல்ட்டைக் குறுக்கே அறுத்தான்.

டீட்டர் கத்திக்கொண்டு குதித்தான். ஹாகெமான் கந்தோரிலிருந்து தொப்பியில்லாமல் ஓடிவந்தார். முற்றத்தில் நின்ற எல்லோரும் உப்பு அள்ளிய சவளைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை. அகதி ஒருவன் நகரசபை லொறியின் புதுப் பெல்ட்டைக் கத்தியால் அறுத்துவிட்டான். கண்ணால் கண்டது அவ்வளவுதான். ஹாகெமானின் முகம் சிவந்து வெளுத்தது. பேனாட் ஒன்றும் பேசாமல் பெல்ட்டை உருவி எடுத்து இரண்டு கையாலும் பிடித்து, விரலால் தடவிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்றான். அந்த இடத்தைப் பின்பக்கமாக மடித்து வளைத்து ஹாகெமானின் மூக்குக்கு நேரே நீட்டினான். ரப்பர் வாய் திறந்தது. உள்ளே வெள்ளை நூல்கள். நாலு நூல் அறுந்து பஞ்சாகத் தெரிந்தது. அவன் திருப்புளியை எடுத்து அந்த இடத்தில் வைத்தான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டான்.

இதைச் செய்தது நான்.

உருத்திரமூர்த்தி எப்போது முற்றத்துக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. கால்கள் கொண்டுவந்துவிட்டன. அவர் சொன்னார். நெம்பியது, விறைத்த ரப்பர், ‘டிக்’ என்ற சத்தம், குருநகர்க் கரை, எழுதி வைத்த ‘புதியது’, எல்லாவற்றையும் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். சொல்லும்போது அவருடைய குரல் வகுப்பில் ஒலித்த குரலாக இல்லை.

ஹாகெமான் கேட்டு முடித்தார். அறுந்த நூலை விரலால் நிமிண்டினார். பிறகு மாஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்களுக்கு மொழி தெரியும், நீங்கள் ஏன் வந்து சொல்லவில்லை?

ஹாகெமான் விடைக்காக நிற்கவில்லை. மேலூர்த் தெருவை மாலைவரை மூடச்சொல்லித் தொலைபேசி எடுக்கப் போய்விட்டார்.

களஞ்சியத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெல்ட். பேனாட் அதை வாங்கித் தன் கம்பளிச் சட்டைக்குள், வயிற்றோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டான். குளிர்ந்த ரப்பர் தோலில் பட்டதும் பல்லைக் கடித்தான். பிறகு அந்தப் போல்ட்டுக்கு முன்னால், கவிழ்த்துவைத்த வாளியின்மேல் உட்கார்ந்தான்.

அடுத்து நடந்ததைப் பற்றி மாஸ்டர் பிற்காலத்தில் யாரிடமும் நீளமாகச் சொன்னதில்லை. சொல்ல அதிகம் இல்லை என்பது ஒன்று. ஒரு மனிதன் ஒரு போல்ட்டைக் கழற்றினான், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் பிடித்தது.

முதலில் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தான். மண்ணெண்ணெய் தொட்டு விட்டான். சிறிய சுத்தியலால் போல்ட்டின் தலையைத் தட்டினான். அடிக்கவில்லை, தட்டினான். கதவுக்கு வெளியே நின்று ஆள் எழும்பிவிட்டாரா என்று கேட்பவன் தட்டுவதுபோல. காஸ் சுவாலையால் நட்டை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினான், பக்கத்து ரப்பர்க் குழாய்க்கு ஈரச் சாக்குச் சுற்றிவிட்டு. சூடேறியதும் முற்றத்துப் பனியை ஒரு பிடி அள்ளிப் போல்ட்டின் தலையில் வைத்தான். சீறியது. நட்டு விரிய வேண்டும், போல்ட் சுருங்க வேண்டும். பிறகு தட்டல். பிறகு மண்ணெண்ணெய். மறுபடி முதலிலிருந்து. ஸ்பனரை வைத்து, திருகாமல், பாரம் மட்டும் கொடுத்து, முகத்தைச் சரித்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். மறுக்கிறது என்று தெரிந்ததும் உடனே எடுத்துவிட்டான். ஒரு தரம்கூட இரும்பைக் கட்டாயப்படுத்தவில்லை. காலையில் பத்து நிமிடத்தில் முடித்த அதே மனிதன்தான் இவனா என்று மாஸ்டருக்குத் தோன்றியது. காலையில் இருந்தது கெட்டித்தனம். இதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் படித்தவர். மனிதனுக்குத் தன் வேலையோடு உள்ள உறவைப் பற்றி நிறையப் படித்திருந்தார். சிலவற்றை அடிக்கோடிட்டும் வைத்திருந்தார். அந்த முற்றத்தில், காது மடல் எரிய, கால் விரல் மரக்க நின்றபோது ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டார். டீட்டரும் மற்றவர்களும் போகாமல் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. பேச்சுச் சத்தத்தில் அவன் கேட்டுக்கொண்டிருப்பது கேளாமல் போய்விடும் என்று எல்லோருக்கும் எப்படியோ விளங்கியிருந்தது.

மூன்றரை மணியளவில் இரும்பு ஒருதரம் முனகியது. பூனைக்குட்டியின் சத்தம் அளவுதான். பேனாட் அசையாமல் இருந்தான். ஸ்பனர் ஒரு மயிர் அகலம் நகர்ந்தது. அவன் அதைத் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவந்தான். மண்ணெண்ணெய் விட்டான். மறுபடியும் முன்னே, மறுபடியும் பின்னே. எட்டு வருடத்துத் துரு செம்மாவாக உதிர்ந்தது. பிறகு நட்டு, ஒன்றும் நடவாததுபோல, விரலாலேயே சுழன்று கழன்று வந்தது. அவன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ஒரு புரியும் சிதையவில்லை. மாஸ்டர் தன்னையறியாமல் ஓரடி முன்னே வந்து அதைக் குனிந்து பார்த்தார். ஒரு நட்டைப் பார்க்க இப்படி வந்து நிற்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

வயிற்றுச் சூட்டில் இளகியிருந்த பெல்ட்டை அவன் உருவி எடுத்தான். அது நெம்பாமல், தள்ளாமல், தானாகப் போய்க் கப்பிகளில் உட்கார்ந்தது. டைனமோவை இழுத்து இறுக்கி, பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். ஒரு விரல் தடிப்பளவு அமிழ்ந்தது. போதும் என்று தலையாட்டினான். நாலு மணிக்கு லொறி மேலூருக்குப் போனது.

ஹாகெமான் அன்று கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, பேனாட்டும் பேசவில்லை. திங்கட்கிழமை கூப்பிட்டார். தட்டச்சில் எழுதிய ஒரு தாள். மாஸ்டர் மொழிபெயர்த்தார். இவர் திருத்தும்போது தவறு செய்து ஒரு பெல்ட்டைப் பழுதாக்கினார். யாருக்கும் தெரிந்திராத அந்தத் தவறைத் தானே எல்லோர் முன்னாலும் அறுத்துக் காட்டினார். பிறகு என் ஆட்கள் முறித்திருக்கக்கூடிய போல்ட் ஒன்றை முழுதாகக் கழற்றினார். எனக்கு இந்த ஆள் வேண்டும்.

“பிழையையும் எழுதிப்போட்டாரே?” என்று பேனாட் கேட்டான்.

“ஓம்.”

“முதல் வரியிலையோ?”

“முதல் வரியிலைதான்.”

“பிழைவிட்டவனுக்கு ஆர் வேலை குடுப்பினம்,” என்று பேனாட் முகத்தைத் தொங்கப்போட்டான். ஆனால் அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கவில்லை.

பங்குனி மாதம் அனுமதி வந்தது. ஒரு வருடத்துக்கு, இந்த முற்றத்தில், இந்த வேலைக்கு மட்டும். பட்டறைக்குள் மொழிக்கு ஒருவர் தேவை என்றார் ஹாகெமான். யாரைக் கூட்டிக்கொள்ளப் போகிறாய் என்று பேனாட்டைக் கேட்டார். ஹைமில் மாஸ்டரைவிட நன்றாக ஜெர்மன் பேசும் இளைஞர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பேனாட் மாஸ்டரைக் காட்டினான்.

வெளியே வந்ததும் மாஸ்டர் அவனைக் கேட்டார். அன்றைக்கு நான் உமக்காகப் பேச மறுத்தேனே, பிறகு ஏன் என்னை?

பேனாட் பட்டறைப் பக்கம் நடந்தபடியே சொன்னான்.

“நீங்கள் மாட்டன் எண்டதை மாட்டன் எண்டே சொன்னனீங்கள்தானே மாஸ்டர். ஓம் எண்டு போட்டு, அங்கை போய் வேறை ஏதும் சொல்லியிருந்தா எனக்குத் தெரியவந்திருக்குமோ? அப்பிடிச் செய்யாத ஆள் எண்டால் எனக்குப் போதும்.”

அவன் பட்டறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். உருத்திரமூர்த்தி உடனே பின்னால் போகவில்லை. தேநீர் அறையில் அந்த எண்ணம் நின்ற ஒரு மூச்சு நேரத்தை இவனிடம் எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.